கடல் தாண்டிய சின்ன வெங்காயம்

வெங்காயம் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது கண்ணீர். அதை விட்டால் விலை. எனக்கு ஞாபகம் வருவது பக்கத்து வீட்டு அக்கா.

நாங்கள் இருப்பது நாகல் நகர். நெசவுக்குப் பேர் போன இடம். ஆனால் எங்கள் தெருவில் தறிக்குப் போகாதவர்களும் உண்டு. அந்த அக்கா போவது வெங்காயப் பேட்டைக்கு. மூட்டையைக் கொட்டி, தாள் அறுத்து, அழுகலைக் கழித்து, பெரிசு சிறிசு பிரித்துக் கட்டும் வேலை. நாள் கூலி. 2023 டிசம்பரில் ஒரு நாள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். "என்னக்கா சீக்கிரமே?" என்றேன். "கப்பல் சரக்கு நின்னு போச்சாம் தம்பி. பாதிப் பேரைப் போகச் சொல்லிட்டாக" என்றார்.

அப்போது நான் பி.காம். முதலாம் ஆண்டு. "கப்பல் சரக்கா? நம்ம சாம்பார் வெங்காயமா?" என்று சிரித்துவிட்டேன். பிறகுதான் வெட்கமாக இருந்தது. வணிகவியல் படிக்கிறேன் என்று பேர், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடக்கிற ஏற்றுமதி தெரியவில்லை! அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஆள் போன வழியில் வெங்காயமும் போனது

உலகச் சந்தையில் வெங்காயம் என்றால் பெரிய வெங்காயம்தான். நாசிக் பக்கத்து லாசல்கான் சந்தையில் விலை அசைந்தால் டாக்கா வரைக்கும் அசையும். நம் சின்ன வெங்காயத்தின் கதை வேறு. அதை யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், அப்புறம் வளைகுடா நாடுகள். எங்கெல்லாம் சாம்பாரும் சொதியும் கொதிக்கிறதோ அங்கெல்லாம் போகிறது. மலாய்க்காரர்களும் சமையலுக்குச் சின்ன வெங்காயம் அரைப்பவர்கள் என்பதால் மலேசியாவில் வியாபாரம் இன்னும் கொஞ்சம் அகலம்.

இது எப்படி ஆரம்பித்தது? 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலையகத்துக்குக் காப்பித் தோட்ட வேலைக்கு நம் பக்கத்து ஆட்கள் போனார்கள். 1869-க்குப் பிறகு இலை நோய் வந்து காப்பி அழிந்தது. தேயிலை வந்தது. ஆட்கள் தொடர்ந்து போனார்கள். மலாயாவுக்கு ரப்பர் தோட்டத்துக்கு இன்னொரு கூட்டம். போனவர்கள் நாக்கை ஊரில் விட்டுவிட்டுப் போகவில்லை. மிளகாய், வெங்காயம், பருப்பு எல்லாம் பின்னாலேயே கப்பல் ஏறின.

பாதையும் அதே காலத்தில் அமைந்தது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875-ல் ரயில் வந்தது. அடுத்த ஆண்டே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி வந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. கிழக்கே நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன கப்பல்களில் ஆட்களோடு வெங்காய மூட்டையும் ஏறியது. 'ரஜூலா' என்ற கப்பலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பின் ஓடிய 'சிதம்பரம்' 1980-களில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்றுபோனது.

ஒரு சுவாரசியமான விஷயம். இலங்கைத் தமிழர்கள் பெரிய வெங்காயத்தை 'பம்பாய் வெங்காயம்' என்பார்கள். இந்தோனேசிய மொழியிலும் அதற்கு 'பாவாங் பொம்பாய்' என்றே பெயர். எந்தத் துறைமுகத்திலிருந்து வந்ததோ அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் வெறுமனே 'வெங்காயம்' என்றால் அது சின்ன வெங்காயம்தான். அதாவது ஒன்று வெளியூர் சரக்கு, இன்னொன்று சொந்த வீட்டுச் சரக்கு. சந்தைக்காரர்களுக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் சட்டத்துக்குத் தெரியவில்லை என்பதுதான் பின்னால் வந்த பிரச்சினை.

1974: ஒரே வாசல்

1974-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல்காரனுக்குக் கடல் இன்னும் கிட்டே வந்தது. அதே ஆண்டு வெங்காய ஏற்றுமதி நாஃபெட் என்ற தேசியக் கூட்டுறவு அமைப்பின் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று மத்திய அரசு வைத்தது.

இதை எங்கள் பாடத்தில் 'வழிப்படுத்தல்' என்று சொல்வார்கள். எளிதாகச் சொன்னால், வீட்டுக்குப் பத்து கதவு இருந்தாலும் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் பூட்டிவிடுவது. வியாபாரி சரக்கு அனுப்பலாம், ஆனால் நாஃபெட்டின் அனுமதிச் சீட்டு வேண்டும். பின்னாளில் வேறு சில மாநில அமைப்புகளுக்கும் இந்த உரிமை கொடுத்தார்கள். கூடவே 'குறைந்தபட்ச ஏற்றுமதி விலை' என்று ஒன்று. டன்னுக்கு இத்தனை டாலருக்குக் கீழே விற்கக்கூடாது. உள்ளூரில் வெங்காயம் தட்டுப்பட்டால் இந்த விலையை ஏற்றுவார்கள். யாரும் வாங்க முடியாத விலைக்கு ஏற்றினால் அது பெயர் சொல்லாத தடை.

நியாயமாகப் பார்த்தால் இதில் தப்பில்லை என்றும் சொல்லலாம். வெங்காயம் ஏழை வீட்டுக் காய். அதை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே நூறு ரூபாய்க்கு விற்றால் எந்த அரசு சும்மா இருக்கும்? 1980 பொதுத்தேர்தலில் இந்திரா காந்தி வெங்காய விலையைப் பிரச்சார ஆயுதமாக எடுத்தார். 1998-ல் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் பா.ஜ.க. ஆட்சியை இழந்ததற்கு வெங்காய விலை ஒரு முக்கியக் காரணம் என்று எல்லாரும் எழுதினார்கள். அதற்குப் பிறகு எந்தக் கட்சி டெல்லியில் உட்கார்ந்தாலும் வெங்காயம் என்றால் ஒரு பயம். 2010 டிசம்பரில் விலை எகிறியபோது ஏற்றுமதியை உடனே நிறுத்தியதும் இந்தப் பயத்தில்தான்.

அக்கரையில் என்ன நடந்தது?

இந்தக் கதையில் நான் எதிர்பார்க்காத பகுதி இது. நம் சரக்கு போய் இறங்கும் இடத்திலும் வெங்காய விவசாயி இருக்கிறார். அவரும் தமிழர்தான்.

1970-ல் இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறையில் கிணறு தோண்டி, பம்பு வைத்து இறைத்துத்தான் செம்மண் தோட்டம். அப்படிப்பட்ட இடத்தில் வெங்காயமும் மிளகாயும் பணப்பயிராகிவிட்டன. சுன்னாகம் சந்தையிலிருந்து தெற்கே லாரி லாரியாகப் போனது. படித்துவிட்டு வேலை கிடைக்காத இளைஞர்கள் தோட்டத்தில் இறங்கினார்கள். அந்த ஏழு வருடத்தைப் பொற்காலம் மாதிரி பேசும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் உண்டு.

1977-ல் ஜே.ஆர். ஜெயவர்த்தன வந்தார். பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் உள்ளே வந்தன. யாழ்ப்பாணத்து விலை விழுந்தது. கொழும்பு வீட்டுக்காரிக்கு மலிவு, தோட்டக்காரனுக்கு அடி. இலங்கை இனப்பிரச்சினையைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் பல்கலைக்கழக இடங்கள், மொழிச் சட்டம் ஆகியவற்றோடு இந்த வெங்காய மிளகாய் விஷயத்தையும் ஒரு மனக்குறையாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். பின்னால் போர் வந்தது. யாழ்ப்பாணத்துச் சரக்கு தெற்கே போகிற பாதையே அடைபட்டது.

கவனித்தீர்களா? இலங்கை கதவைச் சாத்தினால் யாழ்ப்பாணத்தான் பிழைக்கிறான். திறந்தால் நம்மவன் பிழைக்கிறான். இந்தியா கதவைச் சாத்தினால் நம்மவன் அடிபடுகிறான். பாக் நீரிணையின் இரண்டு கரையிலும் ஒரே பயிர், ஒரே மொழி. ஆனால் ஒருவனின் நல்ல வருடம் இன்னொருவனின் கெட்ட வருடம். இதைப் படித்ததிலிருந்து "நம் ஏற்றுமதி வளர வேண்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

2007-ல் இலங்கை 'சிறப்புப் பண்ட வரி' என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கு அவர்கள் ஊர் அறுவடை நேரத்தில் இறக்குமதி வரியை ஏற்றுவார்கள், முடிந்ததும் இறக்குவார்கள். அவர்கள் விவசாயிக்கு நல்லது. ஆனால் இங்கே மண்டியில் நிற்கிறவருக்கு, நேற்றுப் போன சரக்கு இன்று போகுமா என்று தெரியாது. 2022-ல் அங்கே டாலரே இல்லாமல் போனபோது கொழும்புத் துறைமுகத்தில் ஆயிரத்துக்கும் மேல் கண்டெய்னர்கள் தேங்கி நின்றதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

எழுபது நாள் பயிரும் 148 நாள் தடையும்

இப்போது நம் வயலுக்கு வருவோம். திண்டுக்கல் பேட்டைக்கு நம் மாவட்டம் மட்டுமில்லாமல் திருப்பூர், கரூர், நாமக்கல், திருச்சி, பெரம்பலூர் என்று பல பக்கமிருந்தும் சின்ன வெங்காயம் வரும். வாரத்தில் மூன்று நாள் வியாபாரம். காய வைத்த சின்ன வெங்காயம் மாதக்கணக்கில் தாங்கும். கிராமத்தில் பட்டறை போட்டு வைப்பார்கள். குளிர்பதனம் இல்லாமலே காற்றோட்டமாக வைத்தால் போதும். கப்பலுக்கு ஏற்ற காய் இதுதான். தக்காளியை இப்படி அனுப்ப முடியுமா?

ஆனால் இதில் ஒரு சிக்கல். பெரிய வெங்காயத்துக்கு விதை போட்டு நாற்று விடுவார்கள். சின்ன வெங்காயத்துக்குப் பெரும்பாலும் வெங்காயமேதான் விதை. விதை முளைப்பில் வரும் ரகங்களை கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருந்தாலும் காய் நடுவதே பழக்கம். ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ வேண்டும். ஆக, சந்தையில் வெங்காய விலை ஏறினால் விவசாயியின் விதைச் செலவும் ஏறுகிறது. நல்ல விலை இருக்கிறதே என்று நம்பி அதிக விலைக்கு விதை வாங்கி நடுகிறார். பயிர் எழுபது நாள் சொச்சம். அவர் நட்ட அதே விலையேற்றத்தைப் பார்த்துத்தான் டெல்லியில் தடை போடுகிறார்கள். அவர் அறுக்கும்போது கப்பல் இல்லை.

கடந்த சில வருடங்களில் வந்த தடைகளை எண்ணிப் பார்த்தேன்.

2019 செப்டம்பர் 29-ல் தடை. 2020 மார்ச் 15-ல் நீங்கியது. 168 நாள்.

2020 செப்டம்பர் 14-ல் மறுபடி தடை. 2021 ஜனவரி 1-ல் நீங்கியது. 109 நாள்.

2023 டிசம்பர் 8-ல் தடை. 2024 மே 4-ல் நீங்கியது. 148 நாள்.

மூன்றையும் கூட்டினால் 425 நாள். ஒரு வருடத்துக்கும் மேல்! 168 நாளிலும் 148 நாளிலும் தனித்தனியாக இரண்டு பயிர் எடுத்துவிடலாம். 2019 தடையின்போது டெல்லிக்கு வந்த வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, சமையல்காரரிடம் வெங்காயம் போடாமல் சமைக்கச் சொல்லிவிட்டேன், முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்போமே என்ற பொருளில் மேடையிலேயே பேசினார். எல்லாரும் சிரித்தார்கள். அது எங்கள் பேட்டைக்காரர்களின் குறையும்தான். நிறுத்தியதைவிட, சொல்லாமல் நிறுத்தியதுதான் வலி.

2020 தடையில் ஒரு வேடிக்கை. அந்த ஜூன் மாதம்தான் அவசரச் சட்டம் போட்டு, வெங்காயத்தை அத்தியாவசியப் பொருள் கட்டுப்பாட்டிலிருந்து பெருமளவு விடுவித்தார்கள். விவசாயி இனி சுதந்திரமாக விற்கலாம் என்றார்கள். மூன்று மாதத்தில் ஏற்றுமதித் தடை, அக்டோபரில் இருப்பு வைக்கக் கட்டுப்பாடு. அந்தச் சட்டமே 2021 நவம்பரில் மற்ற வேளாண் சட்டங்களோடு வாபஸ் ஆனது.

தடை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 19-ல் முதலில் 40% ஏற்றுமதி வரி போட்டார்கள். அக்டோபர் கடைசியில் குறைந்தபட்ச விலை டன்னுக்கு 800 டாலர். அன்றைய டாலர் மதிப்பில் கிலோ சுமார் 66 ரூபாய். அதற்குக் கீழே கப்பலில் ஏற்றக்கூடாது. அதன் பிறகுதான் முழுத் தடை. 2024 மே மாதம் தடையை எடுத்தபோதும் 550 டாலர் விலையும் 40% வரியும் நின்றன. கணக்குப் போடுங்கள். கிலோ சுமார் 46 ரூபாய், அதன் மேல் வரி 18 ரூபாய். அதோடு லாரி, மூட்டை, கப்பல் வாடகை. பாகிஸ்தான்காரரும் சீனாக்காரரும் அந்த விலைக்குக் கீழே கொடுத்தால் கொழும்பு வியாபாரி யாரிடம் போவார்? செப்டம்பர் 2024-ல் குறைந்தபட்ச விலையை நீக்கி வரியை 20% ஆக்கினார்கள். 2025 ஏப்ரல் 1-லிருந்து அந்த வரியும் இல்லை.

பெயரில் இருக்கிறது விஷயம்

உலக வர்த்தகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. எச்.எஸ். குறியீடு என்பார்கள். 1988-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் பெரிய வெங்காயத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் ஆறு இலக்க அளவில் ஒரே எண்தான், 0703.10. அதற்குக் கீழே நாடுகள் தங்கள் வசதிக்குப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் தடை உத்தரவு "வெங்காயம், எல்லா ரகமும்" என்று வந்தால் பிரித்தும் என்ன பயன்? லாசல்கானில் மழை பெய்து பெரிய வெங்காயம் அழுகினால், அதற்குச் சம்பந்தமில்லாத சின்ன வெங்காயத்துக்கும் பூட்டு விழுகிறது.

விலக்கே கிடையாதா என்றால், உண்டு. 2020 அக்டோபரில் கர்நாடகத்தின் பெங்களூரு ரோஸ் வெங்காயம், ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் வெங்காயம் இரண்டுக்கும் தலா 10,000 டன் அனுமதித்தார்கள். 2023 செப்டம்பரில் ரோஸ் வெங்காயத்துக்கு 40% வரியிலிருந்தும் விலக்கு. இந்த இரண்டும் உள்ளூரில் அதிகம் ஓடாது, வெளிநாட்டுக்காகவே விளைவது என்பது காரணம்.

சின்ன வெங்காயத்துக்கு அந்தக் காரணம் முழுதாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் எல்லாரும் அதைத்தான் தின்கிறோம். 2019 கடைசியில் விலை ஏறியபோது எங்கள் வீட்டிலேயே சட்னிக்குச் சின்ன வெங்காயம் போடாமல் அம்மா சமாளித்தது ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் டெல்லியிலோ பாட்னாவிலோ இதை வாங்குகிற வீடு எத்தனை? தமிழ்நாட்டு விலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய காய்க்கு வடநாட்டு விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். சின்ன வெங்காயத்தைத் தனியாக வையுங்கள் என்று நம் பக்கத்து விவசாயிகள் பல வருடமாகக் கேட்பது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் தடை அமலில் இருந்தபோதே இலங்கைக்கு 10,000 டன் வெங்காயம் அனுப்ப மத்திய அரசு அனுமதித்தது. அனுப்பும் பொறுப்பு 2023-ல் உருவான தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்துக்கு. நட்பு நாட்டுக்கு உதவி, நல்ல விஷயம். ஆனால் ஐம்பது வருடம் கழித்து மறுபடி ஒரே வாசல்! 1974 ஞாபகம் வருகிறதா?

கடைசியாக

இதையெல்லாம் படித்து எனக்குத் தோன்றியது இதுதான். ஏற்றுமதி வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்கு முடிவு கிடையாது. வாங்குகிறவருக்கும் வாழ வேண்டும், விளைவிக்கிறவருக்கும் வாழ வேண்டும், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கும் வாழ வேண்டும். ஆனால் ஒன்று கேட்கலாம். பயிர் எழுபது நாள் என்றால், கதவைச் சாத்துவதற்கும் எழுபது நாள் முன்பே சொல்லக் கூடாதா? நட்டவர் அறுத்து முடிக்கும் வரைக்காவது விதி மாறாமல் இருந்தால், எந்த வரியானாலும் கணக்குப் போட்டு நடுவாரே. எத்தனை விலைக்கு மேல் போனால் சாத்துவோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

எங்கள் வகுப்பில் ஏற்றுமதி பற்றிப் படிக்கும்போது ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், வங்கி, சுங்கம் என்று நான்கு கட்டம் போட்டு அம்புக்குறி வரைவோம். அந்தப் படத்தில் தாள் அறுக்கிற அக்காவுக்குக் கட்டம் கிடையாது. தடை வந்தால் முதல் நாளே வேலை போவது அவருக்குத்தான்.

போன வாரம் அவரிடம் கேட்டேன், "இப்ப கப்பல் சரக்கு போகுதாக்கா?" "போகுது தம்பி. என்னிக்கு வரைக்கும்னு கேக்காத" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் ஊரிலும் இப்படிக் கடல் தாண்டுகிற காய்கனி ஏதாவது இருந்தால் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன். ஒட்டன்சத்திரம் சந்தையின் கதை தனியாக இருக்கிறது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது பரீட்சைக்குப் படிக்க வேண்டும்.